கதவைச் சாத்திக்கோங்க

அப்பாவின் போனைத் திறக்க அப்பாவின் கட்டைவிரலே தேவைப்பட்டது. முதல் இரண்டு தடவை போன் ஒத்துக்கொள்ளவில்லை. மதுவந்தி அந்த விரலைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை திறந்தது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மணி ஏழேகால். அப்பா பாலசுப்ரமணியன் இறந்துபோய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்தரைக்கு எழுந்தவர், வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லி மறுபடியும் படுத்தார். அம்மா சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் மாடி டாக்டர் சன்யால் லுங்கியோடு ஓடி வந்து பார்த்தார். வேண்டிய காகிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மதுவந்தியின் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு இறங்கிப் போனார். சாகிற வயதா, அறுபத்தொன்பது என்று யாரும் இன்னும் வந்து கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவே இல்லை.

சொல்லவேண்டியவர்களின் நம்பர் எல்லாம் அந்தப் போனில் இருந்தது. அப்பா தமிழில்தான் பதிந்து வைத்திருந்தார். 'ஐஸ் பெஹாலா.' 'கண்ணாடி வண்டி தபன்.' 'மூங்கில் ஷம்பு.' 'பூ லேக் மார்க்கெட்.' 'கேவ்ராதலா ஆபீஸ்.' மதுவந்தி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். இந்தப் பெயர்கள் அவளுக்குப் புதிதில்லை. எந்தப் பெயருக்கு எத்தனை விநாடி சிரிப்பு வரும் என்பது வரை தெரியும்.

ஜனங்களைச் சிரிக்க வைப்பது அவள் தொழில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வருமான வரிப் படிவத்திலேயே அப்படித்தான் போடுகிறாள். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். கரியாஹாட் பக்கம் காபிக் கடைகளின் மாடியில் மைக் கொடுப்பார்கள். கேட்க வந்திருக்கிற பன்னிரண்டு பேரில் ஏழு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிற மற்ற காமெடியன்கள். வங்காள மொழியில் ஆரம்பித்து, ஹிந்தியில் போய், இங்கிலீஷில் முடிப்பாள். மூன்று வருடம் அப்படி ஓடியது. பத்திரிகையில் பெயர் வரவில்லை, பெரிய மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாள், விட்டாள், மறுபடியும் எடுத்தாள். அப்பா மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறந்துவிட்டு, "சாப்டியா?" என்பார்.

பிறகு அந்த நாலு நிமிஷ வீடியோ வந்தது.

வீடியோ அப்பாவைப் பற்றியது. அப்பா துறைமுகத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறு காரியத்தால். முப்பது வருடமாக, பெஹாலாவிலிருந்து ஹவுரா வரை எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். பெட்டிக்கடைக்காரர், பேங்க் மேனேஜர் என்று அவர் பேதம் பார்த்ததில்லை. வண்டி, மூங்கில், காகிதம், மயானத்தில் முறை, கூட வருகிறவர்களுக்கு டீ எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு பைசா வாங்கமாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் இடது கையால் எடுத்துக் காதில் வைத்து, எதிர்ப்பக்கம் அழுகிற சத்தம் அடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, முதல் கேள்வி கேட்பார்: "எத்தனாவது மாடி? லிஃப்ட் இருக்கா?"

இதை மேடையில் சொன்னால் சிரிக்காதவன் மனிதனே இல்லை. மதுவந்தி அப்பாவின் குரலில், அப்பாவைப் போலவே இடது கையைக் காதில் வைத்துக்கொண்டு சொல்வாள். அவள் ஒரு சாவு வீட்டுக்கும் அப்பாவோடு போனதில்லை, மயானத்தைப் பார்த்ததே இல்லை. ஹாலில் உட்கார்ந்து போனின் இந்தப் பக்கத்தை மட்டும் கேட்டே எல்லாவற்றையும் தயார் செய்தாள்.

ஒன்றே ஒன்றைத் தவிர. அது அப்பாவே சொன்னது.

சுலோசனாக்கா என்று அப்பா கூப்பிடும் ஒரு அம்மாள் லேக் மார்க்கெட் பக்கம் இருந்தாள். அவள் மகன் செந்தில்நாதன் அங்கே அரிசி, அப்பளம், காபித்தூள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அந்த அம்மாள் இறந்த அன்று அப்பா வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்து எதையும் சொல்லாத மனிதர் அன்றைக்குச் சொன்னார். பழைய கட்டடம், மூன்றாவது மாடி, படிக்கட்டு ஒடுக்கம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பாடை திரும்பவில்லை. கனத்த உடம்பு. வேறு வழியில்லாமல் அவிழ்த்து நிற்க வைத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. அப்பா முன்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தலை அவர் தோளில் சாய்ந்தது. மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபது வருஷமா தீபாவளிக்கு எனக்குன்னு தனியா அதிரசம் எடுத்து வைப்பாங்க. அவங்கள அப்படிப் புடிச்சுக்கிட்டு நின்னேன்ம்மா. மன்னிச்சுக்கோங்கக்கான்னு காதுல சொல்லிக்கிட்டே எறங்கினேன்" என்று சொல்லி அழுதார் அப்பா.

அன்று ராத்திரியே மதுவந்தி அதைப் போனில் குறித்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்து மேடையில் சொன்னாள். "கல்யாணமாகி முப்பது வருஷத்துல எங்கப்பா எங்கம்மாகூட ஒரு நாள்கூட டான்ஸ் ஆடினதில்லை. கடைசியில ஆடினாரு. இரண்டாவது மாடியில. ஒரு செத்துப்போன ஆன்ட்டியோட." பிறகு இரண்டு கையையும் விரித்துக் கட்டிப் பிடித்து, கண்ணை மூடி, ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டினாள். பெயரைச் சொல்லவில்லை. லேக் மார்க்கெட் தமிழர்களுக்குப் பெயர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள். பம்பாயிலிருந்து, பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள்.

அப்பா பார்த்தார். யாரோ அனுப்பியிருந்தார்கள். நாலு நிமிஷமும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, "நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து போன் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. கேட்டதற்கு, முழங்கால் வலி, செந்தில்நாதன் பார்த்துக்கொள்கிறான், இளவயசு என்றார். முழங்கால் வலிக்கிற மனிதர் தினமும் மூன்று மாடி இறங்கி, டாக்குரியா ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். மதுவந்திக்குப் புரியாமல் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. பதில் வந்தால் வீடியோவை எடுக்க வேண்டியிருக்கும். பதினாலு மாதம் இப்படியே போயிற்று.

"என்னத்தத் தேடுற? செந்திலுக்குப் பண்ணு" என்றாள் அம்மா.

"வேணாம்மா. வண்டிக்காரன் தபனுக்குச் சொல்றேன். கீழ கிளப்ல ஆளுங்க இருக்காங்க, கீழ் வீட்டு கோஷ் காகாகிட்டச் சொன்னா கூட்டிட்டு வருவாரு."

"அவங்களுக்கு நம்ம முறை தெரியுமா? நல்ல மனுஷங்கதான், இல்லங்கல. ஆனா உங்கப்பாவ யாரோ தூக்கிட்டுப் போகக்கூடாது." அம்மா முந்தானையால் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தாள். "அவன் வருவான். பண்ணு."

அப்பாவின் போனிலிருந்தே கூப்பிட்டாள். ரொம்ப நேரம் அடித்தது. பிறகு எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் கடையின் தராசில் எதையோ கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா, பேசறது அப்பா இல்ல. நான் மதுவந்தி."

தராசில் மறுபடியும் எதையோ கொட்டினார்.

"அப்பா காலையில தவறிட்டாங்க."

தராசுச் சத்தம் நின்றது. "எத்தனை மணிக்கு?" என்றார் செந்தில்நாதன். பிறகு வரிசையாகக் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாரா, ஆதார் அட்டை கையில் இருக்கிறதா, ஊரிலிருந்து யாராவது வர வேண்டுமா. "ஐஸ் வேணாம். ரெண்டு மணிக்குள்ள எடுத்துரலாம். வாசல்ல செருப்பெல்லாம் ஒதுக்கி வை." அப்பா கேட்கிற கேள்விகள், அப்பாவின் வரிசையில். முதல் கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பதினொரு மணிக்கு மூன்று பேருடன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அம்மாவிடம் போய்க் குனிந்து, "இருங்க அத்த, நான் இருக்கேன்" என்றார். அம்மா அப்போதுதான் அழுதாள். மதுவந்தி பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவளிடமிருந்து காகிதங்களை வாங்கும்போதுகூட காகிதங்களைத்தான் பார்த்தார்.

அவர்கள் மேலே கொண்டுவந்த சாமான்களில் ஒரு பலகை இருந்தது. ஆறரை அடி நீளம், நன்றாக இழைத்தது. ஓரத்தில் கைவிட்டுத் தூக்கத் துளைகள், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் மூன்று அகலமான துணிப் பட்டைகள். அடியில் பாதம் ஊன்ற ஒரு கட்டை. மதுவந்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன அண்ணா?"

செந்தில்நாதன் பட்டையை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பா செஞ்சது. எங்கம்மாவ எடுத்த மறுநாளு காலையிலயே ஆசாரிகிட்டப் போயி, நின்னு செய்ய வச்சாரு. இதுல கட்டிட்டா நிமித்தித் திருப்பலாம். யாரும் யாரையும் கட்டிப் புடிக்க வேண்டாம்."

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் சொல்லி அவள் கேட்ட அதே விஷயம். அவள் அன்று ராத்திரி போனை எடுத்தாள். அவர் மறுநாள் காலையில் ஆசாரியிடம் போனார். இதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மதுவந்திக்கு அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், அப்பா எடுத்து வைத்த பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, மறுபடி வெளியே எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்தாள்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, மாலை போட்டாயிற்று. யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு வந்தது. ஹவுராவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், பெண்பிள்ளை மயானத்துக்கு வருகிற வழக்கம் நமக்கு இல்லையே என்று இழுத்தார்.

"அவதான் வைப்பா. வேற யாரு இருக்கா" என்றாள் அம்மா.

பெரியவர் செந்தில்நாதனைப் பார்த்தார். "வரட்டும்" என்றார் செந்தில்நாதன். "அவளும் ஒரு தடவை பாக்கட்டும்."

பலகையில் வைத்துக் கட்டினார்கள். நிலைப்படி தாண்டினதும் செந்தில்நாதன் படிக்கட்டுத் தலைப்பில் நின்று கீழே பார்த்து, முதலில் வங்காளத்தில், பிறகு தமிழில் குரல் கொடுத்தார்: "எல்லாரும் கதவ சாத்திக்கோங்க. பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கீழ போனதும் பாத்துக்கலாம், கதவ சாத்திக்கோங்க." ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் மூடுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி, கூட வந்தவர்களில் ஒருவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாலா மாமா எப்பவும் இப்படிச் செய்வாரு. எறக்கும்போது யார் கண்ணுலயும் படக்கூடாதும்பாரு." பிறகு மதுவந்தியிடம், அன்றைக்கு முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்து, "நீயும் உள்ள போம்மா" என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அவள் முதுகின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே கால்கள் இறங்கின. "மெதுவா, எடது பக்கம், எடது பக்கம்." ஒரு இடத்தில் கால்கள் நின்றன. பலகை சுவரில் உரசியது. யாரோ மூச்சுப் பிடித்தார்கள். பதினொரு லட்சம் பேருக்கு அந்தத் திருப்பத்தை நடித்துக் காட்டியவள், கதவின் இந்தப் பக்கம் நின்று, அங்கே அப்பா எப்படி நிற்கிறார் என்று தெரியாமல், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தன.

கேவ்ராதலா மயானத்தில் மூன்றாவது முறை கிடைத்தது. முன்னால் இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆபீஸ் ஜன்னலில் இருந்த குமாஸ்தா காகிதத்தை வாங்கி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மாலைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "பாலா தா!" என்றார். பிறகு, ஒரு வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கம் வரவே இல்லையே, உடம்பு சரியில்லாமல் இருந்தாரா என்று மதுவந்தியிடம் வங்காளத்தில் கேட்டார்.

"முழங்கால் வலி" என்றாள் மதுவந்தி.

அவள் அதைச் சொன்னபோது செந்தில்நாதன் பக்கத்தில்தான் நின்றார். சட்டென்று திரும்பித் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

நீளமான கூடம். ஓரத்தில் சிமெண்டு பெஞ்சு. அப்பாவைச் சுவரோரமாக இறக்கி வைத்திருந்தார்கள். கூட வந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட, மதுவந்தியும் செந்தில்நாதனும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது முறைக்காரர்களின் கூட்டத்திலிருந்து, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுள்ள ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுது வீங்கிய கண். கொஞ்சம் தயங்கிவிட்டு எழுந்து வந்தான்.

"தீதீ, ஆப்னி மதுவந்தி நா?" அக்கா, நீங்கள் மதுவந்திதானே என்று கேட்டான்.

அவள் தலையசைத்தாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே படுத்திருப்பது என் தாத்தா என்று காட்டினான். எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாராம், வலியில் கத்துவாராம். உங்கள் வீடியோவைப் போட்டுக் காட்டினால் மட்டும் சிரிப்பார். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், 'நம் வீட்டில் லிஃப்ட் இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார். இன்று நாலாவது மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கும்போது நாங்கள் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டோம் தீதீ, அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வங்காளத்தில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். பொய்யில்லை என்று காட்டுவது போல, போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு அவள் முன்னால் நீட்டினான். 'தினமும் பார்ப்பார், பாருங்கள், இந்த இடம்.'

போனுக்குள் மதுவந்தி இரண்டு கையையும் விரித்தாள்.

அவன் கேட்டான்: நீங்கள் யாரோடு வந்திருக்கிறீர்கள்?

"பாபா" என்றாள் மதுவந்தி, அப்பாவைக் காட்டி.

அவன் மாலைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். போனை நிறுத்தப் போனவனுக்கு விரல் சரியாகப் படவில்லை. வீடியோவில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. மொத்தம் இருபத்திரண்டு விநாடி என்பது மதுவந்திக்குத் தெரியும். கைதட்டல், யாரோ ஒரு பெண்ணின் கிறீச்சென்ற சிரிப்பு, யாரோ மேஜையைத் தட்டுகிற சத்தம், எல்லாம் அந்த உயரமான கூரையில் மோதித் திரும்பி வந்தன. அவன் போனை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, ஏதோ முனகியபடி தன் ஆட்களிடம் போய்விட்டான்.

செந்தில்நாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றாள் மதுவந்தி.

"விடு. அதெல்லாம் அன்னிக்கே பேசி முடிஞ்சுது."

"என்னிக்கு?"

"உங்கப்பா வந்த அன்னிக்கு." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அந்த வீடியோ வந்த மறுநாளு காலையில கடையத் தொறக்கறேன், வாசல்ல நிக்கறாரு. 'செந்திலு, புள்ளைய ஒண்ணும் சொல்லிராத, நான்தான் அத சொல்லுன்னு சொன்னேன். நல்லா இருக்கும், சேத்துக்கோன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்'னாரு. எனக்கு எப்படி இருக்கும்? எங்கம்மா தலைய தோள்ல வாங்கின மனுஷன். அந்த நேரத்துல கையில என்ன கெடச்சாலும் எடுத்து அடிச்சிருப்பேன். அடிக்கல. 'இனிமே எந்த வீட்டு வாசல்லயும் வந்து நிக்காதீங்க. நீங்க வந்தா, செத்தவங்களப் பத்தி நாளைக்கு என்ன வெளிய போகும்னு யாருக்குத் தெரியும்'னேன். தமிழ்ச் சங்கத்துல நாலு பேர் கிட்டயும் சொன்னேன். சரிப்பான்னுட்டுப் போயிட்டாரு. அப்புறம் வரல."

மதுவந்தி அப்பாவைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. நல்லா இருந்துச்சும்மா என்று சொன்ன அதே வாய். மறுநாள் காலையில் ஏரிக்குப் போகிறேன் என்று இறங்கிப் போயிருக்கிறார். அங்கிருந்து லேக் மார்க்கெட் வரை நடந்திருக்கிறார். முப்பது வருடம் சேர்த்த பேரைக் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வந்து, பேப்பர் படித்திருக்கிறார்.

பேசாமல் இருந்தால் போதும். இனி யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் சாட்சிகூட மிச்சமிருக்காது. அவளை யாரும் தப்புச் சொல்லக்கூடாது என்றுதான் அப்பா அதைச் செய்தார், அப்படியே விட்டுவிட்டால் அவர் செய்ததற்கு மரியாதை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நினைப்பு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அவரு பொய் சொன்னாரு அண்ணா."

செந்தில்நாதன் திரும்பினார்.

"அவருக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு வந்து, சாப்பிட முடியாம உக்காந்து சொன்னாரு. அழுதாரு. நான் அவர கேக்காம எடுத்துப் போட்டேன். வீடியோ வந்தப்புறந்தான் அவரே பாத்தாரு."

முதல் முறைக்காரர்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு பெண் ஓவென்று அழுதாள், யாரோ அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அது அடங்கும் வரை செந்தில்நாதன் மதுவந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதாரா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"மன்னிச்சுக்கோங்கக்கான்னு காதுல சொல்லிக்கிட்டே எறங்கினேன்னு சொன்னாரு. அத நான் மேடையில சொல்லல. அதுல சிரிப்பு இல்ல."

செந்தில்நாதன் எழுந்தார். இரண்டடி நடந்தார், திரும்பி வந்தார். எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி துண்டை உதறினார். அடித்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"இத இப்ப வந்து சொல்ற" என்றார். "பதினாலு மாசம். அவரு எத்தனை தடவ என் கடைக்கு எதுத்தாப்புல, அந்தப் பக்கமா நடந்து போனாரு தெரியுமா? நான் பாத்துக்கிட்டே அரிசி நிறுத்துக்கிட்டிருப்பேன். இத இப்ப வந்து சொல்ற."

மன்னிச்சுக்கோங்க என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அது அப்பாவின் வார்த்தை, அதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது முறையும் போயிற்று. அந்தப் பையன் உள்ளே போகும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வாய்க்கரிசித் தட்டை ஹவுராப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வரச் சொன்னார். மதுவந்தி முதலில் போட்டாள். விரல்களுக்கு நடுவே அரிசி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உள்ளங்கையைத் திருப்பி உதறிப் போட்டாள். மற்றவர்கள் போட்டார்கள். சுமக்கத்தான் வந்தேன் என்கிற மாதிரி செந்தில்நாதன் தூணருகே தள்ளி நின்றார்.

"பாலசுப்ரமணியன்" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

"நேரமாச்சு. வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்றார் பெரியவர்.

செந்தில்நாதன் வந்தார். தட்டிலிருந்து மூன்று தடவை எடுத்துப் போட்டார். பிறகு, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அவர் முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "மாமா" என்றார்.

மதுவந்தி ஆறடி தூரத்தில் நின்றாள். காது தன்னால் கூர்மையானது. அந்தக் கூடத்தில் அடுத்த வார்த்தை நன்றாகவே கேட்கும்.

அவள் திரும்பி நடந்தாள். கூடத்துக்கு வெளியே, படித்துறைக்குப் போகிற வழியில் ஒரு குழாய் இருந்தது. அதை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து அவள் கால்களிலும் சல்வாரிலும் தெறித்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே அவர் எழுந்து நிற்பது தெரியும் வரை அதை மூடாமல் நின்றாள்.